ஏறுகிற வேகம்

09.01.2025, வியாழன்

முன்பள்ளியால் வர ஒரு மணியாகிவிட்டது. விறாந்தையில் அப்பா ஒரு கடதாசிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பார்சல்காரர் காலமையே கொண்டுவந்து கொடுத்துவிட்டாராம். கையெழுத்து வைத்து வாங்கியவர் திறக்கவில்லை. "உன்ரை தங்கச்சி அனுப்பியிருக்கிறாள்" என்றார். என்ரை தங்கச்சி. அவருக்கு அவள் ஒன்றும் இல்லைப்போல.

உள்ளே இரண்டு சொக்லேற் பெட்டி, அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை (காங்கேசன்துறை வெயிலுக்கு!), அடியில் துவாயால் சுற்றி, கறுப்பாக ஒரு பெட்டி. நிறுத்திவைத்தால் அப்பியாசக் கொப்பி அளவு உயரம். பின்னால் ரிவி வயர் திருகுகிற மாதிரி ஒரு மூக்கு. ஒரு கரண்ட் வயர், தட்டையான இரண்டு பல்லுடன். வேறொன்றும் இல்லை.

என்னவென்று வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சி சுவர்ணாவிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். அவள் எழுதுவது எப்போதும் தந்தி மாதிரி. அகதி முகாமில் வளர்ந்த காது கேளாத பிள்ளைக்கு அந்த நேரம் பள்ளிக்கூடம் ஏது? எழுத்து அவள் பெரியவளான பிறகு தானாகப் பொறுக்கிக்கொண்டது.

"இன்ரநெற் மொடம். நான் வாங்கினது. இங்க புது வீடு வேற லைன். இது சும்மா கிடக்கு. நல்லது. உங்கட பெட்டி கூடாது. அப்பா கை உடையுது."

அப்பாவின் கைக்கு ஒன்றுமில்லை. அவள் சொல்வது படத்தில்.

10.01, வெள்ளி

பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்தாயிற்று. உதுக்கு இப்ப என்ன அவசரம்.

14.01, செவ்வாய்

பொங்கல். முற்றத்தில் பொங்கி, படைத்து, ஏழு மணிக்கு சுவர்ணாவை வீடியோவில் எடுத்தோம். அங்கே முதல்நாள் இரவு எட்டரை.

வழக்கம்போல. அப்பா கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். அவள் ஏதோ கேட்டாள், பாதியில் அவளுடைய விரல்கள் சதுரம் சதுரமாகிப் போயின. அப்பா ஏதோ சொன்னார், அவள் புருவத்தைச் சுருக்கினாள், விளங்கவில்லை. அவர் திரும்பச் சொல்லவில்லை. போனை என்னிடம் தந்துவிட்டுப் பானையைப் பார்க்கப் போனார். முழுவதும் இரண்டு நிமிஷம்.

எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ஒருநாள் நானே மறந்துவிடக்கூடும். அப்பாவும் சுவர்ணாவும் கதைக்கிற கைப்பாஷை ஒரு பள்ளிக்கூடத்திலும் இல்லாதது. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பிரயோசனம் இல்லை என்று எங்கள் கடற்காரர் வள்ளத்துக்கு வள்ளம் கையாலேயே கதைப்பார்கள். மீன் கிடக்கோ, காற்று மாறுது, நில், கிட்ட வா. தொண்ணூறில் சண்டையால் ஊரை விட்டு வெளிக்கிட்டு மல்லாகத்தில் முகாமில் இருந்தபோது சுவர்ணாவுக்கு நாலு வயது. காது கேளாது என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது. கடலும் இல்லாமல் தொழிலும் இல்லாமல் கொட்டிலுக்குள் குந்தியிருந்த அப்பா, தன்னிடம் இருந்த அந்தக் கைகளை அவளுக்குக் கொடுத்தார். அவள் அதில் நூறு சேர்த்தாள். அவர் இன்னும் நூறு சேர்த்தார். நான் அந்த வருஷங்களில் அரியாலையில் சித்தி வீட்டில் நின்று படித்தேன். சனி ஞாயிறு வந்து பார்த்தால் இரண்டு பேரும் வேறொரு நாட்டில் இருப்பார்கள். எனக்கும் அம்மாவுக்கும் சாப்பாடு, தண்ணி, வா, போ, இவ்வளவுதான் தெரியும்.

இப்ப அவளும் அப்பாவும் கையைத் தூக்கிக் காட்டுறதோடை சரி.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய கவலையும் இல்லை. செத்த அம்மாவின்ரை முகத்தைப் பாக்க மாட்டன் எண்டவள் தானே. 2020 ஆனி மாதம், கொரோனா. விமானம் ஒன்றும் இல்லை, செத்தவீட்டுக்கு ஆட்களும் குறைவு. அவளை வீடியோவில் எடுத்து, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் அம்மாவின் தலைமாட்டில் இருந்தேன். வெளியே போய்க் கதைத்துவிட்டு வந்தவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அவள் பாக்க மாட்டாளாம்" என்றார். அவ்வளவுதான். சவப்பெட்டியை மூடினார்கள்.

பெத்த தாயை. எப்பிடி மனம் வந்தது?

18.01, சனி

பக்கத்து வீட்டு லைன் பார்க்க கேபிள் கம்பனியில் இருந்து பஞ்சலிங்கம் அண்ணை வந்தார். இருபது வருஷமாக ரிவி கேபிள் இழுத்தவர், இப்போது அதே கேபிளில் இன்ரநெற்றும் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் போன வருஷம் அவர்தான் இழுத்தார். பெரிய பிளான் எடுத்தும் ஏன் படம் உடைகிறது என்று கேட்டேன். அவர் கம்பனி தந்த பெட்டியைத் தடவிப் பார்த்தார். சுட்டுக்கொண்டு கிடந்தது. பிறகு அண்ணாந்து அலுமாரிக்கு மேல் பார்த்தார்.

அதை இறக்கி, திருப்பி, அடியில் இருந்ததை எல்லாம் வாசித்தார். ஒரு பிள்ளையைத் தூக்கின மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எங்கடை கம்பனியிலேயே இப்படி ஒன்று இல்லை, கந்தோரில் இருக்கிற மெசினும் இதைப்போல அமெரிக்க வகைதான், கட்டாயம் பிடிக்கும் என்றார்.

நான் விளங்கவில்லை என்று நின்றதைக் கண்டு சொன்னார்: "ரீச்சர், உங்களுக்கு இறங்கிற வேகம் கிடக்கு, ஏறுற வேகம் இல்லை. படம் பாக்கிறவைக்கு இறங்கினால் காணும். ஐயாவின்ரை கை அங்கை போகவேணும் எண்டால் ஏறவேணும். எங்கடை பழைய பெட்டி சின்னத் தெரு மாதிரி ஒரு ஒழுங்கையாலை ஏத்துது, அது அடைபட்டால் வாற படமும் உடையும். உது நாலு ஒழுங்கையாலை ஏத்தும்."

அப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சலிங்கம் அண்ணை போன பிறகு, "நாலு ஒழுங்கையோ?" என்றார்.

20.01, திங்கள்

கேபிள் கம்பனிக் கந்தோர். கவுண்டரில் தர்சினி என்று ஒரு பிள்ளை. கம்பனிப் பெட்டி மட்டும்தான் பாவிக்கலாம், சொந்தப் பெட்டிக்கு வழியில்லை என்றாள். ஏன் என்று கேட்டால் வழக்கமில்லையாம். நான் கதிரையில் இருந்து எழும்பவில்லை. அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் கை மட்டும்தான் வாய் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. நான் ஏன் இதற்கு இவ்வளவு நிற்கிறேன்? அவளுக்காகவா? அப்பாவுக்காக. அப்பாவுக்காக மட்டும்.

தர்சினி எழும்பினாள். உள்ளே போய் மனேஜரிடம் கதைத்துவிட்டு வந்து ஒரு வெள்ளைத் தாள் தந்தாள். சொந்த மொடம் பாவிக்கிறேன், பழுதானால் கம்பனி பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மொடத்தின் அடியில் உள்ள நம்பரையும் எழுத வேண்டும். எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு. அந்த நம்பரைக் கம்பனி தன்ரை மெசினில் பதிந்தால்தான் லைன் அந்தப் பெட்டியை அடையாளம் காணுமாம். போனில் எடுத்துவைத்த படத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

22.01, புதன்

பஞ்சலிங்கம் அண்ணை வந்து பூட்டினார். தட்டைப் பல்லுக்கு ஒரு மாற்றுப் பிளக் போட்டார். லைற் மின்னியது. மின்னியது. ஒரு மணித்தியாலம் மின்னியது. நிற்கவில்லை. பழைய பெட்டியையே திரும்பப் பூட்டிவிட்டுப் போனார்.

அப்பா பின்னேரம் தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டார். எதிர்பார்த்திருக்கிறார். மனிசன் எதிர்பார்த்திருக்கிறார்!

23.01, வியாழன்

என்னுடைய பிழை. எட்டு என்று நான் எழுதியது எட்டு இல்லை, ஆங்கில B. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். தர்சினிக்கு போன் எடுத்துச் சொன்னேன். சிரித்தாள், திருத்துகிறாளாம்.

25.01, சனி

பஞ்சலிங்கம் அண்ணை வந்து திரும்பப் பூட்ட, பத்தரைக்கு லைற் நான்கும் மின்னாமல் எரிந்து நின்றன. பச்சை, பச்சை, நீலம், நீலம். பஞ்சலிங்கம் அண்ணை எழும்பி நின்று பார்த்தார்.

ஆனால் போனில் ஒன்றும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, இது மொடம் மட்டும்தானாம். கம்பனிப் பெட்டி வைபையையும் தானே வீசும், இது வீசாது. எனக்கு வந்த எரிச்சல். அவர் சிரித்தார். "அது இன்னும் நல்லம் ரீச்சர், வயராலை போனால் ஒண்டும் சிந்தாது." என் பழைய லப்ரொப்பை மொடத்தோடு ஒரு வயரால் தொடுத்து, லப்ரொப்பை இன்னொரு வயரால் ரிவியில் தொடுத்தார். ரிவிக்குக் கீழே லப்ரொப், அதன் கமராக்கண் அப்பாவின் கதிரையைப் பார்த்தபடி. வேகம் அளந்து பார்த்தார். ஏறுகிற வேகம் முன்பு ஒரு மெகாபிற், ஒன்றும் இல்லாத மாதிரித்தான். இப்போது பன்னிரண்டு. இரண்டு தரம் அளந்தார், நம்பாமல்.

இப்போது எடுத்தால் அங்கே நடுச்சாமம். நாளைக்குக் காலமை.

26.01, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு எடுத்தேன். ரிவியில் சுவர்ணா வந்தாள். அளவில் எங்களோடு இருக்கிற ஒரு ஆள் மாதிரி. அவளுடைய குசினி, பின்னால் நிருஷன் கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். அவள் புருஷன், அவனுக்கும் காது கேளாது. யன்னலில் பனி. அவளுடைய புருவத்தில் அந்தப் பழைய வெட்டுத் தழும்பு, தையல் போட்ட நாலு புள்ளியும் தெரிந்தன.

அவள் கையை உயர்த்தினாள். அப்பா உயர்த்தினார். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். இன்றைக்கு அவர் கையை இறக்கவில்லை. ஒரு விரலை மடித்தார். அவள் உடனே தலையாட்டினாள். இன்னொன்று சொன்னார், நீளமாக. அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததைக் கண்டு அவர் ஒருதரம் மூச்சை இழுத்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

என் அப்பா மார்க்கண்டு ஒரு நாளைக்கு முப்பது சொல் கதைத்தால் அதிகம். சோறு காணும். மழை வரும். கதவைப் பூட்டு. நாற்பத்திநாலு வருஷமாக எனக்குத் தெரிந்த அப்பா அதுதான். இன்றைக்கு நான் பார்த்த ஆள் யார்? பத்து விரலும் தனித்தனியாகக் கதைத்தன. தோள் கதைத்தது. கடைவாயைச் சுழித்து யாரோ ஒரு ஊர்க்காரரை அப்படியே செய்து காட்டினார். சுவர்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தாள். அவர் பகிடி விட்டிருக்கிறார். அப்பா பகிடி விடுவார் என்றே எனக்குத் தெரியாது. ஒரு சத்தமும் இல்லை வீட்டில். காகம் கத்தினது, அவ்வளவுதான். ஆனால் அப்படி நிறையக் கதை நடந்த ஒரு காலைப்பொழுது இந்த வீட்டில் இதற்கு முன் இருந்ததில்லை.

இடையில் அவள் நிறுத்தி, அவருடைய இடக்கைப் பெருவிரலைக் காட்டிக் கேட்டாள். நகம் ஏன் அப்படி? படலைக் கதவு நசித்து நகம் பாதி போயிருக்கிறது, அப்பா பிறகு வாயால் சொன்னார். எப்போதாம்? இரண்டு வருஷம் முன்னாலாம். அந்தக் கைக்கு நாளும் பொழுதும் சோறு போடுகிற நான் கண்டதில்லை. பாதி உலகத்துக்கு அப்பால் இருந்து அவள் கண்டாள்.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும். முடிந்த பிறகு அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். ஏனென்று தெரியாது.

27.01, திங்கள்

நான் முன்பள்ளிக்கு வெளிக்கிட முதலே அப்பா சேவ் எடுத்து முடித்த முகத்தோடு ரிவிக்கு முன்னால் இருக்கிறார்.

29.01, புதன்

பஞ்சலிங்கம் அண்ணை லைனைப் பார்க்கிற சாட்டில் வந்து தேத்தண்ணி குடித்தார். உண்மையில் அவருக்கு அந்த மொடத்தைப் பார்க்க வேண்டும். அப்பா அவரிடம், இது இங்கிருந்து எப்படிப் போகிறது என்று கேட்டார். தெருவால் கேபிள், கம்பனியில் இருந்து கண்ணாடி நூல், தலைமயிரின் தடிப்புத்தான் இருக்கும், அதற்குள்ளால் வெளிச்சமாகப் போகும், பிறகு கடலுக்கு அடியால் என்று அவர் சொன்னார்.

"கடலுக்கு அடியாலையோ?"

"ஓம் ஐயா. கடல் தரையிலை கிடக்கு."

அப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "நான் ஐம்பது வரியம் மேலாலை ஓடினன்" என்றார். பிறகு எழும்பிப் படலையடிக்குப் போய், கடல் தெரிகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன யோசித்தாரோ. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். வெளிச்சம். அவருடைய மடக்கிய விரலும் பாதி நகமும் வெளிச்சமாகி அந்தத் தண்ணிக்கு அடியால் போய், அங்கே திரும்ப விரலாகிறது. எத்தனை தரம் நினைத்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாமல் இருப்பதும் நல்லாய்த்தான் இருக்கிறது.

02.02, ஞாயிறு

பின்னேரம் ஆறே முக்காலுக்கு அவளே எடுத்தாள். அங்கே காலமை. நிருஷனும் அவளும் ஏதோ ஒரு ஏரிக்குப் போயிருந்தார்கள், போனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைவெளேரென்று ஒரு வெளி. அதில் ஆட்கள் கதிரை போட்டு இருந்து, காலடியில் ஒரு ஓட்டைக்குள் தூண்டில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா என்ன வயலா என்று கேட்டார். இல்லை, தண்ணி என்றாள். அவர் நம்பவில்லை. அவள் போனை நிருஷனிடம் கொடுத்துவிட்டுக் குந்தி, கையுறையால் பனியை ஒதுக்கிக் காட்டினாள். கீழே கறுப்பாகத் தண்ணி உறைந்திருந்தது. பிறகு எழும்பி அதன்மேல் குதித்தாள்.

அப்பா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் விழுந்துவிடுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் விழவில்லை. தண்ணிக்கு மேல் நின்றுகொண்டு சிரித்தாள்.

ஒரு வயதான வெள்ளைக்காரர் ஓட்டையால் ஒரு மீனை இழுத்துப் போட்டார். சுவர்ணா அதைக் கேட்டு வாங்கித் தூக்கிக் காட்டினாள். அப்பா அதன் செட்டையைக் காட்டு, கண்ணைக் காட்டு என்று கேட்டார். முழுசாகப் பார்த்துவிட்டு என்னிடம் வாயால் சொன்னார்: "குளிரிலை கிடந்த மீன். கண் தெளிவு பார்."

இரவு சாப்பிடும்போதும் தன்பாட்டில் தலையை ஆட்டிக்கொண்டார்.

09.02, ஞாயிறு

காலமை வழக்கம்போலத் தொடங்கியது. மழை, முருங்கை, நிருஷனின் வேலை; இரண்டு கிழமை பார்த்ததில் கொஞ்சம் எனக்கும் பிடிபடுகிறது. பிறகு சுவர்ணா கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அப்பா என்ன என்று கேட்டார். அவள் மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவ்வளவு மெல்லச் சொன்னதால் எனக்கும் விளங்கியது.

அம்மா. செத்த நாள். நான் கேட்டேன். நீ காட்டவில்லை. ஏன்?

அப்பாவின் முகம் கல்லாகியது. நீதான் வேண்டாம் என்றாய், என்றார். இல்லை, என்றாள். ஓம், நான் கண்டேன், என்றார். கையைத் தூக்கி அவள் செய்ததைச் செய்து காட்டினார். கையை நீட்டி, உள்ளங்கை அவளைப் பார்க்க. கடலில் அது "நில், கிட்ட வராதை."

அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளும் கையை அப்படியே நீட்டினாள். உள்ளங்கை எங்களைப் பார்த்தது. பிறகு, விரல்களை மூடி, அந்தக் கையை நெஞ்சுக்கு இழுத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. எழும்பினார். ரிவிக்குக் கிட்டப் போய் நின்று, அதைத் தானும் செய்தார். நீட்டின கை. நிறுத்தி வைத்தார், கன நேரம். பிறகு மூடி நெஞ்சுக்கு இழுத்தார். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள், ஓம், ஓம்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"கிட்டக் கொண்டுவா எண்டு சொல்லியிருக்கிறாள், பிள்ளை. படம் பாதியிலை நிண்டிட்டுது. நான் நில் எண்டதை மட்டும்தான் கண்டனான்."

அண்டைக்கு போனில் அவளின்ரை படம் அந்த நீட்டின கையோடை உறைஞ்சு நிண்டிருக்கு. அவர் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். கை மாறேல்லை. சரி, பாக்க மாட்டாளாம் எண்டு போனைப் பைக்குள்ளை வைச்சிட்டார். அவள் பக்கத்திலை படம் நிக்கேல்லை. அப்பா தன்னை உத்துப் பாத்ததும், முகத்தைத் திருப்பினதும், பிறகு இருட்டும் தெரிஞ்சிருக்கு. கலியாணம் கட்டி அப்பாவை விட்டிட்டு வெளிநாடு போனதுக்கு அப்பா தந்த தண்டனை எண்டு நினைச்சிருக்கிறாள். நாலரை வரியம்.

நாலரை வரியம் இரண்டு பேரும் கையைத் தூக்கிக் காட்டிப்போட்டு இருந்தவை. பிறகும் கேட்டிருக்கிறாளாம், இரண்டு மூன்று தரம். எல்லாம் சதுரமாய்ப் போயிருக்கு. அதுக்குத்தான் அந்தப் பெட்டியை அனுப்பினவள்.

நான் எழுதிக் கேட்டிருக்கலாம். ஏன் பாக்கேல்லை? இரண்டு சொல். அவள் வாசிப்பாள். நான் கேக்கேல்லை. எனக்குக் கோவம் வசதியாய் இருந்தது.

10.02, திங்கள்

முன்பள்ளிக்கு லீவு சொன்னேன்.

அம்மாவின் முகத்தை அன்றைக்கு நான் ஒரு படம் எடுத்திருந்தேன். பெட்டி மூட முதல். பழைய போனில் இருக்கிறது. அனுப்பியிருக்க வேண்டியது. பார்க்க மாட்டேன் என்றவளுக்கு எதற்கு என்று அனுப்பவில்லை. இன்றைக்கு அந்தப் போனைத் தேடிச் சார்ஜ் போட்டு, படத்தை எடுத்து அனுப்பினேன். "இப்பதான் கண்டெடுத்தன்" என்று கீழே எழுதினேன்.

பொய்.

மூன்று மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. "அம்மா நித்திரை மாதிரி. நன்றி அக்கா."

16.02, ஞாயிறு

இன்றைக்கு அப்பா அவளுக்கு அம்மாவின் கடைசி நாளைச் சொன்னார்.

நானும் இருந்த நாள்தான் அது. ஆனால் அந்தக் கடைசிக் கால் மணித்தியாலம் நான் இருக்கவில்லை. அம்மாவுக்கு நெஞ்சு நோகுது என்றதும் ஓட்டோ பிடிக்க ஒழுங்கைக்கு ஓடிவிட்டேன். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா என்னிடம் சொன்னது "போயிட்டாள்" என்ற ஒரு சொல். நான் அதற்குமேல் கேட்டதும் இல்லை.

கையால் சொன்னார். கிணற்றடி, வாளி, அம்மா குந்தினது, அவர் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினது. பாதிதான் எனக்குப் பிடிபட்டது. அம்மாவுக்கு வாயால் கதைக்க வரவில்லையாம். ஏதோ சொல்லப் பார்த்தாளாம். வராமல், கையைத் தூக்கி, இரண்டு விரலால் புருவத்தைத் தொட்டாளாம்.

அது எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. புருவத்தில் இரண்டு விரல் என்றால் சுவர்ணா. அவளுடைய பெயர். சின்ன வயதில் அந்தத் தழும்பு வந்த நாளில் இருந்து.

ஞானாம்பிகை என்ற என் அம்மா, அந்தப் பாஷையில் பத்துச் சொல்கூடத் தெரியாதவள், கடைசியாகக் கதைத்தது அந்தப் பாஷையில்.

ரிவியில் சுவர்ணா இரண்டு விரலைத் தன் புருவத்தில் வைத்தாள். எடுக்கவில்லை. அப்பாவும் வைத்தார். அப்படியே இருந்தார்கள். படம் நின்றுவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது. பிறகு யன்னலுக்கு வெளியே பனி விழுவது தெரிந்தது. நிற்கவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஒரு துளி விடாமல்.

17.02, திங்கள்

அப்பா காலமை தானாகக் கேட்டார், இண்டைக்கு என்ன கறி என்று.

01.03, சனி

தர்சினி போன் எடுத்தாள். இன்னும் இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்து சொந்த மொடம் கொண்டுவந்திருக்கிறார்களாம், அந்தக் கடிதத்தை எப்படி எழுதினேன் என்று கேட்டாள். நம்பரை இரண்டு தரம் பார்த்து எழுதச் சொன்னேன்.

நான் ஒரு கொப்பியில் அப்பாவும் சுவர்ணாவும் கதைக்கிற கைகளைக் குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை எழுபத்தாறு. அப்பா கதைக்கும்போது பார்த்துப் பிடிப்பதுதான்.

08.03, சனி

அப்பா கடற்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டார். நானே எடுத்தேன். முதல்தரம், தனியாக, எழுத்தில்லாமல்.

சுவர்ணா அப்பா எங்கே என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன். ஆச்சரியப்பட்டாள். என் கைகள் மரக்கட்டை மாதிரி. மழை என்று சொல்லப்போய் வேறேதோ சொல்லிவிட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினதைச் சொன்னேன்.

அம்மா. முகம். படம். என்னிடம் இருந்தது. முதலிலேயே. நான் தரவில்லை. உன்னில் கோபம். கண்டெடுத்தேன் என்றது பொய்.

பிழை என்பதற்குக் கை எனக்குத் தெரியாது. நெஞ்சைக் காட்டினேன், தலையைக் குனிந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொத்தின கையால் விலாவில் இரண்டு தரம் தட்டி, கையை விரித்து என் பக்கம் நீட்டினாள். எனக்கு அது தெரியாது. என் கொப்பியில் இல்லை. திரும்பச் செய்தாள். நான் விழித்தேன். மூன்றாம் தரமும் செய்தாள். அந்த நேரம் அப்பா படலையைத் திறந்துகொண்டு வந்தார். நான் எழும்பிப் போய் விறாந்தையில் அவரை மறித்து, அதைச் செய்து காட்டி, என்னவென்று கேட்டேன். மன்னிக்க மாட்டாள் என்றதோ, இனி எடுக்காதே என்றதோ.

அப்பா செருப்பைக் கழற்றினார். அது கடலில் பக்கத்து வள்ளத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி என்றார்.

"என்னட்டைச் சோறு கிடக்கு, நீ சாப்பிட்டியோ எண்டு. ஆர், சுவர்ணாவோ கேட்டவள்?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"போய்ச் சொல்லு பிள்ளை. பாத்துக்கொண்டு இருப்பாள்."

போனேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் சாப்பிடவில்லை என்று கையால் சொன்னேன்.